அர்ணாக்கயிறும் ஒரு பவுண்டு தானியமும்

செங்கத்துக்கு ரொம்பப் பழைய சாப்பாட்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. பத்துப்பாட்டில் பத்தாவதாக வரும் மலைபடுகடாம்தான் அது. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய அந்த 583 அடிகளின் தலைவன் நன்னன் சேய் நன்னன். அவனுடைய செங்கண்மாதான் இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து ஊரைத் தொட்டுக்கொண்டு போகும் செய்யாறு. நன்னனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். எங்கே ஏறணும், எங்கே வழுக்கும், எங்கே யானை நிற்கும், எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லிக்கொண்டே போகிறான். நெய்யில் வெந்த இறைச்சித் துண்டுகளோடு இறடிச் சோறு (இறடி என்றால் தினை). மூங்கிலரிசியும் மேட்டு நெல்லும் அவரையும் போட்டுக் காய்ச்சிய புளிங்கூழ். மலையிறங்கி வயல் பக்கம் வந்தால் மீன், நெல்லுச் சோறு.

இந்தப் பட்டியலைக் காட்டி, "அந்தக் காலத்துல நம்ம ஆளுங்க தினை தின்னு திடமா இருந்தாங்க" என்று ரீல்ஸ் போடுவது இப்போது சுலபம். அப்படிப் போடுகிறவர்கள் ஒன்றை வசதியாக விட்டுவிடுகிறார்கள். ஆற்றுப்படை என்கிற இலக்கிய வகையே பசியில் பிறந்தது. வறுமையில் காய்ந்த கூட்டம் ஒன்று, சோறு கிடைக்கும் திசையைக் கேட்டு மலை ஏறி இறங்கி நடக்கிறது. திடமாக இருந்தவனுக்கு ஏன் இவ்வளவு துல்லியமாகச் சாப்பாட்டு வழி சொல்லணும்?

இந்தக் கட்டுரையும் பசியைப் பற்றியதுதான். ஆனால் அது போய் முடிகிற இடம் கொஞ்சம் வினோதமானது: பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையும் கொழுப்பும்.

1988இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜெரால்ட் ரீவன், அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பாண்டிங் சொற்பொழிவில் ஒரு கூட்டத்தை அடையாளம் காட்டினார். ரத்த அழுத்தம், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்னும் கொழுப்பு, குறைந்துபோன நல்ல கொழுப்பு, ஏறும் சர்க்கரை எல்லாம் தனித்தனி நோய்கள் போலத் தெரிந்தாலும் ஒரே ஆளிடம் சேர்ந்து சேர்ந்து வருகின்றன, அடியில் இருப்பது இன்சுலினுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு என்றார். 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். பின்னாளில் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்ற பெயர் நின்றது. தமிழில் வளர்சிதை மாற்றக் கோளாறு என்கிறோம். அது நடப்பது இப்படி. சாப்பிட்டதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசையும் கல்லீரலும் அதன் பேச்சைக் கேட்டு சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்ளணும். வயிற்றுக்குள்ளும் கல்லீரலிலும் கொழுப்பு சேரச் சேர அவை பேச்சைக் கேட்பதில்லை. கணையம் இன்னும் சத்தமாகக் கத்துகிறது, அதாவது இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. பல வருஷம் கத்தியபிறகு ஒருநாள் அதற்குத் தொண்டை கட்டிவிடுகிறது. அதைத்தான் டாக்டர் சுகர் என்கிறார்.

பெரியவர்களுக்கு என்று நினைத்திருந்த இந்த விஷயத்துக்கு, 2007இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு குழந்தைகளுக்கென்று தனி வரையறை எழுத வேண்டி வந்தது. பத்து வயதுக்குக் கீழே முத்திரை குத்த வேண்டாம், கவனித்தால் போதும். 10 முதல் 16 வயது வரை, இடுப்புச் சுற்றளவு அந்த வயதுப் பிள்ளைகளில் மேல் பத்து சதவீதத்துக்குள் இருந்து, கூடவே இவற்றில் இரண்டாவது இருக்கணும்: ட்ரைகிளிசரைடு 150க்கு மேல், நல்ல கொழுப்பு 40க்குக் கீழ், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கு மேல், ரத்த அழுத்தம் 130/85க்கு மேல். ரத்தப் பரிசோதனைக்கு முன்பே உடம்பு ஒரு தடயம் விடுவதும் உண்டு. இன்சுலின் மிகுந்து ஓடும் பிள்ளைகளுக்குப் பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்துக் கருத்துப்போகும். வெல்வெட் துணி மாதிரி இருக்கும். அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்க்கிற அம்மாக்கள் எங்க பக்கத்துல நிறைய. எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

இதுவரை படித்தவர்களுக்கு மனதில் ஒரு படம் வந்திருக்கும்: சென்னையில் காரில் ஸ்கூலுக்குப் போகும், பர்கர் சாப்பிடும் குண்டுப் பையன். செங்கம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கும் ஒல்லிப் பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2016 முதல் 2018 வரை நாடு முழுக்க நடந்த முழுமையான தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில்தான் இந்தியா முதல்முறையாகப் பெரிய அளவில் பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்தது. 10–19 வயதினரில் 24 சதவீதம் பேர் வயதுக்கேற்ற சதையில்லாத ஒல்லிகள். அதிக எடை வெறும் 5 சதவீதம். ஆனால் அதே வயதினரில் பத்தில் ஒருவர் சர்க்கரை நோயின் வாசலில் நின்றார். 5–9 வயதுப் பிள்ளைகளில் 34 சதவீதம் பேருக்கு ட்ரைகிளிசரைடு அதிகம். 5 சதவீதம்தான் குண்டு என்றால் மீதிப் பேர் யார்? அந்தத் தரவுகளை ஆட்களாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் வந்தது. வளர்த்தி குன்றிய, ஒல்லியான பிள்ளைகளிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த ரத்தக் கோளாறுகளில் ஏதாவது ஒன்று இருந்தது. ஒரே உடம்பில் பற்றாக்குறையும் மிகுதியும் சேர்ந்து குடியிருக்கின்றன.

எனக்கு இது ஊட்டச்சத்துச் செய்தியாக மட்டும் படவில்லை, வரலாற்றுச் செய்தியாகவும் படுகிறது. இந்த மாதிரி உடம்பு ஒரு தலைமுறையில் வராது.

*

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்தின் வட ஆற்காடு, சேலம் மாவட்டங்கள் கடுமையாக அடிபட்டன. ஜவ்வாது மலைத்தொடர் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. தென்னிந்தியா முழுக்க 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனதாக மதிப்பிடுகிறார்கள். 1877 தொடக்கத்தில் வைஸ்ராய் லிட்டன், செலவைக் குறைக்கச் சொல்லி ரிச்சர்ட் டெம்பிளை மதராஸுக்கு அனுப்பினார். நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று டெம்பிள் முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். 'டெம்பிள் கூலி' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

அதை எதிர்த்து எழுதியவர் மதராஸின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ். இதைவிட அதிகத் தானியம் வேண்டும் என்பது அவர் வாதத்தின் ஒரு பாதி. தானியம் மட்டும் இருந்தால் உடம்பு தேறாது, பருப்பும் காயும் வேண்டும் என்பது மறுபாதி. சிறைக் கைதிகளுக்குக் கொடுக்கும் படியை எடுத்துவைத்து, கைதிக்குக் கொடுப்பதைக்கூட மண் சுமக்கிறவனுக்குக் கொடுக்க மாட்டீர்களா என்கிற வகையில் பேசினார். பஞ்ச வரலாற்றை எழுதுகிறவர்கள் கார்னிஷை மனிதாபிமானியாக நினைவுகூர்வார்கள். நான் அவரை வேறொரு காரணத்துக்காகவும் நினைக்கிறேன். வயிறு நிரம்புவதும் உடம்பு வளர்வதும் இரண்டு வேறு கணக்குகள் என்று இந்த மண்ணில் அரசாங்கத் தாளில் எழுதிச் சண்டை போட்டவர் அவர். நம்முடைய பொது உணவுக் கொள்கை 150 வருஷமாக அந்தச் சண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஜெயித்துக்கொண்டே வருவது பெரும்பாலும் டெம்பிள்தான்.

1920களில் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்காரிசன் இதை எலிகளை வைத்துப் பார்த்தார். 1918இல் பெரிபெரி ஆய்வுக்காக அங்கே தொடங்கிய சின்னக் கூடம்தான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் ஒவ்வொரு எலிக் கூட்டத்துக்குப் போட்டு வளர்த்தார் மெக்காரிசன். கோதுமையும் பாலும் பயறும் காயும் தின்ற சீக்கியச் சாப்பாட்டு எலிகள் சராசரி 235 கிராம். வரிசையில் கடைசி, தீட்டிய அரிசியை மிகுதியாகவும் பாலைக் கொஞ்சமாகவும் தின்ற மதராஸ் எலிகள்: 155 கிராம். நம்ம சாப்பாட்டைக் கேவலப்படுத்திட்டான் வெள்ளைக்காரன் என்று கோபப்படலாம்தான். ஆனால் அந்தச் சாப்பாட்டில் வளர்ந்த பெண்கள்தான் அடுத்த தலைமுறையைச் சுமந்தார்கள்.

எடை குறைந்து பிறப்பதற்கும் அறுபது வயதில் வரும் சர்க்கரைக்கும் தொடர்பு உண்டு என்பதை இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் கண்டது 1911 முதல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் செவிலியர்கள் பொறுமையாக எழுதிவைத்த பிறப்பெடைப் பேரேடுகளால். 1992இல் அவரும் நிக் ஹேல்ஸும் சிக்கன உடம்பு என்ற கருத்தை வைத்தார்கள். கருவிலேயே பட்டினியைச் சந்தித்த குழந்தை, வெளியிலும் பட்டினிதான் என்று எதிர்பார்த்து, சேமிக்கிற உடம்பாகத் தன்னை அமைத்துக்கொள்கிறது. தசைக்கும் கணையத்துக்கும் முதலீடு குறைவு. 1944–45 பனிக்காலத்தில் நாஜிகள் உணவை மறித்த நெதர்லாந்தில், அந்தச் சில மாதங்களைக் கருவில் கழித்தவர்களுக்கு ஐம்பது வயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்ததை 1998இல் காட்டினார்கள். சில மாதப் பட்டினிக்கே அப்படி.

நமக்கு நேரடியான சாட்சி புனேயில் இருக்கிறது. கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக், பக்கத்து ஆறு கிராமங்களில் 1993இல் தொடங்கி, கர்ப்பமாவதற்கு முன்பிருந்தே பெண்களைத் தொடர்ந்தார். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. இந்தக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, உள்ளுறுப்புகள் சிறிசு. ஆனால் தோளுக்குக் கீழே கிள்ளி அளந்த கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட வெள்ளைக்காரக் குழந்தை அளவுக்கு இருந்தது. பிறக்கும்போதே ஒல்லிக்குண்டு. 2008இல் இன்னொன்றும் வந்தது. வைட்டமின் பி12 குறைவாகவும் ஃபோலேட் அதிகமாகவும் இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு வயதில் இன்சுலின் எதிர்ப்பு அதிகம். பி12 பாலிலும் முட்டையிலும் மீனிலும் கறியிலும் கிடைப்பது. ஒரு பவுண்டு தானியத்தில் அது கிடையாது.

தாது வருஷத்திலிருந்து இன்றைய செங்கம் பிள்ளைக்கு நேர்கோடு போட முடியும் என்று நான் சொல்லவில்லை. நடுவில் பல தலைமுறை இருக்கிறது. ஆனால் அந்தத் தலைமுறைகளில் ஒல்லியான, ரத்தசோகை பிடித்த, எல்லாரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிட்ட அம்மாக்களின் சங்கிலி அறுபடவே இல்லை. அதை நான் தைரியமாகச் சொல்வேன்.

*

சத்துணவைப் பற்றிப் பேசும்போது ஜாக்கிரதையாகத்தான் பேசணும். 1920இல் சென்னை மாநகராட்சியில் தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியதும், 1956இல் காமராஜர் மாநிலத்துக்கு விரித்ததும், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். பெரிதாக்கியதும் பசியின் கழுத்தைப் பிடித்த காரியங்கள். அரிசிச் சோறு போட்டுச் சர்க்கரை நோயை வளர்த்துவிட்டார்கள் என்று இன்று ஏசியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அந்தச் சோறு இல்லையென்றால் எங்க ஊர்ப் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் ஐந்தாவதைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அந்தத் திட்டத்துக்குள்ளேயே கார்னிஷின் வாதம் மெல்ல நுழைந்துகொண்டும் இருக்கிறது. 1989இல் கருணாநிதி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தார். இன்று பள்ளி நாள் ஐந்திலும் முட்டை. நடுவில் பயறும் கொண்டைக்கடலையும் சேர்ந்தன. 2022 செப்டம்பரில் காலை உணவு வந்தது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் வகுப்புக்கு 150 கிராம் என்கிற அடிப்படை மட்டும் பழைய டெம்பிள் தராசின் சாயலோடு நிற்கிறது. இனி கூட வேண்டியது அரிசி அல்ல. பருப்பு, கீரை, காய்.

வீட்டுத் தட்டு வேறு கதை. 1958இல் சாத்தனூர் அணை வந்து கீழே நெல்லுக்குத் தண்ணீர் பாய்ந்தது. மலை மேலே ஜமுனாமரத்தூர் சுற்றி மலையாளிப் பழங்குடியினர் சாமை விதைத்துக்கொண்டே இருந்தார்கள், இன்றும் விதைக்கிறார்கள். ஆனால் சாமையைக் குத்தி உமி நீக்குவது இடுப்பொடிகிற வேலை, அது பெண்களின் வேலை. 2011 ஜூனிலிருந்து ரேஷனில் அரிசி இலவசம். எந்தப் பெண் உரலை எடுப்பாள்? எடுக்காததைக் குறையாகச் சொல்ல எனக்கு வாய் வராது. விளைச்சல் விற்பனைக்குக் கீழே இறங்கியது, அரிசி மேலே ஏறியது. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடியபோது நகரத்தில் சாமை விலை ஏறியது, சிறுதானிய குக்கீஸ் வந்தது. அந்த குக்கீஸில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும்தான். உமி போகத் தீட்டிய சாமையும் தீட்டிய அரிசிக்கு ரொம்பத் தூரத்துச் சொந்தமில்லை. பெயரில் மாயம் எதுவும் கிடையாது.

அப்புறம் ரோடு. புதுச்சேரி–கிருஷ்ணகிரி சாலையில் இருக்கிற ஊர் செங்கம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பாதை அது. அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நிறைய. "பாவம், அம்மா இல்லாத புள்ள" என்று பாட்டி கையில் வைக்கும் பத்து ரூபாய் நேராக பேக்கரிக்கோ பெட்டிக்கடைக்கோ போகிறது: கிரீம் பன், ஐந்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட், கலர். பள்ளிக்கூட வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி போட்டது. அந்த விதி பெட்டிக்கடை ஆயாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும், கொய்யாக்காயும் கடலைமிட்டாயும் விற்று அவருக்குக் கட்டுப்படியாகும்படி யாராவது செய்து கொடுத்தால்தான் அது நடக்கும்.

சேமிக்கவென்று அமைந்த உடம்பு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தடையில்லாமல் மாவும் சர்க்கரையும் கிடைக்கிற ஊருக்குள் வந்து நிற்கிறது. கூடவே நடையும் போய்விட்டது. பத்தாம் வகுப்பு வந்ததும் பி.டி. பீரியடை கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்கிறார். தசை வேலை செய்யும்போது இன்சுலினின் தயவு இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அதனால் தசை குறைவாகப் பிறந்த நம் பிள்ளைகளுக்கு விளையாட்டு மற்றவர்களைவிட இன்னும் அவசியம். 5 முதல் 17 வயதுவரை தினம் ஒரு மணிநேரம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்க பக்கத்துல இதில் அதிகம் இழப்பது வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள். சைக்கிளை விட்டால் அவர்களுக்கு வேறு ஓட்டமே இல்லை. அடுத்த தலைமுறையைச் சுமக்கப் போகிறவர்களும் அவர்கள்தான்.

தடுப்பு என்று வரும்போது தமிழ்நாடு ஒரு விஷயத்தை மற்றவர்களுக்கு முன்பே சரியாகப் பிடித்தது. சென்னையில் டாக்டர் வி. சேஷய்யா, கர்ப்பகாலச் சர்க்கரையைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு எளிய வழியை வலியுறுத்தினார். சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து இரண்டு மணிநேரம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை. 140 தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. வெறும் வயிற்றோடு மலையிலிருந்து பஸ் பிடித்து வரச் சொன்னால் எந்தக் கர்ப்பிணியும் வர மாட்டாள் என்பது தெரிந்த வைத்தியம் இது. 2007இல் தமிழ்நாடு இதை எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கட்டாயமாக்கியது. தாயின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது குழந்தையின் கணையத்துக்குச் செய்யும் முதல் உபகாரம். இதில் ஒரு விடுபடல் உண்டு. பிரசவம் முடிந்ததும் அந்தத் தாள் ஒரு பையில் போய்விடுகிறது. பத்து வருஷம் கழித்து அந்தப் பிள்ளை பள்ளியில் எடை பார்க்க வரிசையில் நிற்கும்போது, அவன் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது என்று அங்கே யாருக்கும் தெரியாது. எடை குறைவு, சத்து வேணும் என்று எழுதி அனுப்புவார்கள். வீட்டில் சத்து என்றால் டப்பாவில் வரும் மால்ட் பவுடர், இரண்டு ஸ்பூன் சர்க்கரையோடு.

எங்க பக்கம் குழந்தைக்கு இடுப்பில் அர்ணாக்கயிறு கட்டுவோம், எழுத்தில் அரைஞாண். அது இறுகினால், "புள்ள தேறிட்டான்" என்று சந்தோஷமாக அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுவார்கள். பசியின் காலத்தில் அது சரியான அளவுகோல். பத்து வயதுக்கு மேல் அதைத் திருப்பிப் படிக்கணும். உலக வரையறையின் இடுப்பளவு எல்லை நமக்குத் தளர்வானது என்று இந்தியக் குழந்தைகளை அளந்தவர்கள் சொல்கிறார்கள். மேல் பத்து சதவீதம் வரை காத்திருக்காமல், மேல் முப்பது சதவீதத்திலேயே உஷாராகச் சொல்கிறார்கள். அந்த அட்டவணையெல்லாம் இல்லாமலும் பார்க்கலாம். இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கணும் என்பதை 2022இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் சொன்னது. பிள்ளையின் உயரத்துக்கு ஒரு கயிறை வெட்டுங்கள். அதை இரண்டாக மடித்து வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். முனைகள் தொடாவிட்டால், அல்லது பின்கழுத்து கருத்திருந்தால், அல்லது அம்மாவுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தால், பிள்ளை எவ்வளவு ஒல்லியாக இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ரத்தப் பரிசோதனை கேளுங்கள். போகும்போது அந்தப் பிரசவ அட்டையையும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.